முள்ளிக்குளத்து முகங்களும் மின்னல் விளக்கும்



கண்ணுக்குரிய ஒரு பொருளைக் காதுக்குரிய ஒரு கருவியின் வாயிலாக விளக்கப் புகுவது சற்றுத் துணிச்சலான முயற்சியே. ஆயினும் இன்று யான் கூறப்போவதை நீங்கள் உங்கள் வீட்டிலிருந்தபடியே சோதித்து அறியலாம். உரித்த தேங்காய் ஒன்றும் ஒரு ரோச் லைற்றும் இருந்தாற் போதும். இரவிலே அறையின் ஏனைய விளக்குகளை அணைத்துவிட்டுத் தேங்காயை மேசைமீது வையுங்கள். ரோச் லைற்றை உங்கள் நெற்றியோடு ஒட்டிப் பிடித்து அதன்மேல் ஒளியைப் பாய்ச்சுங்கள். தேங்காய் ஏறக்குறையத் தட்டையான ஒரு வட்டமாகத் தோன்றும். இனி, தலையை அசையாது வைத்துக்கொண்டு கையை மட்டும் பக்கவாட்டில் நன்றாக நீட்டி, சிறிது உயர்த்தி, மீண்டும் பாய்ச்சுங்கள். நாரும் வரையும் மேடும் பள்ளமும் அப்போது எழுந்து வரும். அஃது உருண்டையான பொருள் என்பதைக் கண் உணரும். தேங்காய் மாறவில்லை, கண் மாறவில்லை, விளக்கின் வலிமையும் மாறவில்லை. விளக்கு நின்ற இடம் ஒன்றே மாறிற்று.

கமராவின் தலைமேற் பொருத்தப்படும் பிளாஷ் என்னும் மின்னல் விளக்கு, நெற்றியோடு ஒட்டிய ரோச் லைற்றின் தொழிலையே செய்கின்றது. மூக்கின் நிழல் மூக்குக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கின்றது. கன்னத்தின் வளைவு மறைகின்றது. வியர்த்த நெற்றி பளபளக்கின்றது. வெள்ளைச் சட்டையின் மடிப்பெல்லாம் எரிந்து போகின்றன. பின்னாலுள்ள சுவர் அண்மையிலிருந்தால் அதன்மேற் கரிய நிழல் ஒன்று விழுகின்றது. தொலைவிலிருந்தால் சுவரே இருளில் மூழ்கிவிடுகின்றது. திருமண வீட்டுப் படங்களிலே, நடு இரவில் எங்கோ ஒரு குகைக்குள் நின்றவர்கள் போல மணமக்கள் காட்சியளிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் நின்றது பந்தலின் நடுவே. பந்தல்தான் படத்தில் இல்லை.

இந்தப் பேச்சுக்கு முள்ளிக்குளத்தை இடமாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. மன்னார்க் கடலோரத்தில், சிலாவத்துறைக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டை அண்டியிருப்பது முள்ளிக்குளம். கடலும் காடும் குளமும் ஒருங்கே வாய்த்த ஊர். 2007 ஆம் ஆண்டு செப்டெம்பரில், போர்க்காலத்தில், அங்கு வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரும் ஊர் அவர்கள் கைக்கு வரவில்லை. கடற்படைத் தளம் அங்கே அமைந்துவிட்டது. ஊரின் தேவாலயமும் அந்த வளாகத்தினுள் அகப்பட்டது. 2012 இல் திரும்பி வந்தோர் அயலிலுள்ள மலங்காட்டிலும் காயாக்குழியிலும் குடிசையமைத்துத் தங்கினர். 2017 மார்ச்சில் அவர்கள் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். ஏப்பிரல் இறுதியில், 100 ஏக்கர் நிலம் விடுவிக்கப்படுமெனக் கடற்படை அறிவித்தது.

இத்தகைய ஓர் ஊருக்குப் புகைப்படம் என்பது அலங்காரப் பொருள் மட்டுமன்று. இன்ன கிழவர் இன்ன கிணற்றடியில் நின்றார், இன்ன பிள்ளைக்கு இன்ன கோயில் வாயிலில் முதல் நன்மை விழா நடந்தது என்று கூறுவதற்குப் படத்தில் இரண்டு செய்திகள் ஒருங்கே வேண்டும்: ஆள் யார் என்பது ஒன்று, இடம் எது என்பது மற்றொன்று. கமராத் தலையிலுள்ள மின்னல் விளக்கு இரவிலே ஆளைக் காட்டி இடத்தை விழுங்குகின்றது. விளக்கே இல்லாமல் மாலைக் கடலை நோக்கிப் பிடித்த படமோ இடத்தைக் காட்டி ஆளை விழுங்குகின்றது. முள்ளிக்குளத்துக் கடல் மேற்கே உள்ளது. ஆதலின் மாலைச் சூரியன் கடலிலே இறங்குகின்றது. கரையிற் கடலைப் பின்னணியாகக் கொண்டு நிற்பவர் எவராயினும் கரிய உருவமாகவே படத்தில் விழுவார். ஆளும் இடமும் ஒருங்கே தெரிய வேண்டுமாயின் விளக்கைக் கமராவிலிருந்து பிரித்தெடுத்து வேறிடத்தில் நிறுத்துதல் வேண்டும். இது பெரும்பணக்காரர் செய்யும் வித்தை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை என்பதே யான் இன்று கூற வந்தது.

பழைய கதையிற் சிறிது சொல்லி மேலே செல்வோம். மின்னல் விளக்கின் மூதாதை ஒரு வெடிப்பொடி. மக்னீசியத் தூளோடு வேறு சில இரசாயனங்களைக் கலந்து கொளுத்தும் முறையை 1887 இல் ஜேர்மனியர் இருவர் வெளியிட்டனர். புகையும் தீயும் மிகுந்த அம்முறையிற் காயம் பட்டோரும் உளர். பின்னர் 1920களின் இறுதியிற் கண்ணாடிக் குமிழினுள் எரியும் விளக்கு வந்தது. ஒரு குமிழ் ஒரு படத்துக்கு மட்டுமே உதவும். 1930களில் அமெரிக்கப் பேராசிரியர் ஹரல்ட் எட்ஜர்ட்டன் மீண்டும் மீண்டும் மின்னும் மின் விளக்கைச் செம்மைப்படுத்தினார். இன்று நாம் கையாள்வது அதன் வழிவந்ததே.

ஒளியின் இடத்தை அறிந்தோர் இவற்றுக்கெல்லாம் முன்னரே இருந்தனர். ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையார் 1860களில் இங்கிலாந்திலே தம் வீட்டுக் கோழிக்கூட்டையே கண்ணாடி அறையாக மாற்றி, ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளியாலே முகங்களைப் படமாக்கினார். 1875 இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்து, இங்குள்ள மக்களையும் படம் பிடித்து, 1879 இல் இந்நாட்டிலேயே காலமானார். கோழிக்கூட்டைவிடச் செலவு குறைந்த படப்பிடிப்பு நிலையத்தை யான் அறியேன்.

இனி, வாங்க வேண்டியவை எவை என்பதைப் பார்ப்போம். முதலாவது, விளக்கு. கமரா நிறுவனங்கள் விற்கும் முதல்தர விளக்குகளிலே, தூரத்தையும் ஒளியையும் தாமே அளந்து முடிவு செய்யும் நுண்பொறிகள் உண்டு. விலையின் பெரும்பகுதி அவற்றுக்கே போகின்றது. விளக்கைப் பிரித்து வைத்துக் கையினாலேயே வலிமையை மாற்றப் போகின்ற நமக்கு அவை வேண்டா. முழு வலிமை, அதிற் பாதி, காற்பங்கு என்று படிப்படியாகக் குறைக்கும் வசதி ஒன்று இருந்தாற் போதும். கோடொக்ஸ் டி.டி. 600 போன்ற சீன விளக்குகள் அவ்வகையின. முதல்தர விளக்கொன்றின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அவை கிடைக்கின்றன. பழைய கடைகளில் இன்னும் மலிவாக இருபதாம் நூற்றாண்டு விளக்குகள் கிடைக்கும். ஆயின் ஓர் எச்சரிக்கை: அவற்றுட் சிலவற்றின் அடித்தகட்டிலே 200 வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் நிற்கும், அது புதிய கமராவின் உள்ளுறுப்பைக் கெடுத்துவிடக்கூடும். மின் திருத்துவோர் ஒருவரிடம் காட்டி அளந்து, கமராவின் கைநூல் இடந்தரும் அளவோடு ஒப்பிட்ட பின்னரே பொருத்துங்கள். எந்த விளக்கையும் நீங்களே திறக்க வேண்டா. பற்றரியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளிருக்கும் கொள்ளளவி 300 வோல்ற்றளவு மின்னைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அஃது உயிருக்கே ஊறு செய்ய வல்லது.

இரண்டாவது, கமராவின் கட்டளையை விளக்குக்குக் கொண்டு செல்லும் தூது. இதற்கு மூன்று வழிகள் உள. கம்பி ஒன்று, இதுவே மிக மலிவு, ஆயின் கால் தடுக்கும். இரண்டாவது, ஒளிக்கண்: கமராவிலுள்ள சிறு விளக்கு மின்ன, அதைக் கண்டு பெரிய விளக்கும் மின்னும். பல மலிவு விளக்குகளில் இக்கண் உடன்பிறந்தே வருகின்றது. தனியாகக் காசு வேண்டியதில்லை. ஆயின் கமராவின் சிறு விளக்கு அளவெடுப்பதற்காக முதலில் ஒருமுறை மெல்ல மின்னும் பழக்கமுடையது. அதைக் கண்டு பெரிய விளக்கு அவசரப்பட்டுத் தன் ஒளியைக் கொட்டிவிட, படம் எடுக்கும் கணத்தில் வெறுங்கையாய் நிற்கும். சிறு விளக்கைக் கைமுறைக்கு மாற்றிவிட்டால் இத்தொல்லை இல்லை. கடற்கரை வெயிலிலே ஒளிக்கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை என்பதும் உண்மை. மூன்றாவது வழி, வானொலி அலை. நீங்கள் இப்பேச்சைக் கேட்பதற்கு உதவும் அலைகளின் இனத்தைச் சேர்ந்த ஒன்றே கமராவுக்கும் விளக்குக்கும் இடையே தூது செல்கின்றது. வெயிலும் சுவரும் அதற்குப் பெருந்தடையல்ல. கோடொக்ஸ் விளக்கில் ஏற்கும் பகுதி உள்ளேயே இருப்பதால், அனுப்பும் சிறு கருவி ஒன்று மட்டும் வாங்கினாற் போதும். புதிதாக வாங்குவோர் இவ்வழியையே கொள்ளுதல் நன்று என்பது என் கருத்து.

மூன்றாவதாகத் தாங்கி, குடை, மென்றிரை என்று கடைக்காரர் நீண்ட பட்டியல் ஒன்றை நீட்டுவார். இங்கே நாம் கைகூப்பி வெளியேறலாம். தாங்கிக்கு ஒரு தடி போதும்; மணல் நிரப்பிய தகரப் பேணியில் நட்டு, அடியில் ஒரு மணற்சாக்கையும் வையுங்கள். கடற்காற்று மிகுந்த இடத்தில் வாங்கிய தாங்கியும் மணற்சாக்கின்றி நில்லாது. தடியைவிடச் சிறந்தது, விளக்கைப் பிடித்து நிற்க ஒரு தம்பியோ தங்கையோ; சொன்ன இடத்துக்கு நகரும் தாங்கியை எந்தக் கடையும் விற்பதில்லை. மென்றிரைக்கு ஒரு வெள்ளைக் குடை அல்லது பழைய வெள்ளை வேட்டி.

வேட்டியா என்று நகைக்க வேண்டா. சத்யஜித் ராய் 1956 இல் வெளியிட்ட அபராஜிதோ என்னும் வங்காளப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலே காசி நகரத்து வீடொன்றின் முற்றம் வருகின்றது. மேலே திறந்த முற்றத்தில் வானத்தொளி நிழலின்றி இறங்குவது போல நாம் காண்பது, உண்மையிற் கல்கத்தாவில் படப்பிடிப்பு நிலையத்தினுள் எழுப்பிய முற்றம். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதன்மேற் பாய்ச்சி, துணியிலிருந்து திரும்பி வரும் ஒளியாலேயே படம் பிடித்தார். ராயின் முதற்படத்தில் ஒளிப்பதிவைத் தொடங்கியபோது அவர் இருபத்தொரு வயது இளைஞர். அதற்கு முன் சினிமாக் கமராவைக் கையாண்டதே இல்லை. செல்வம் மிகுந்த நிலையங்கள் கருவி வாங்கித் தேடிய மென்மையை அவர் துணியிலே கண்டார்.

துணி ஏன் இவ்வாறு உதவுகின்றது? ஒளி எவ்வளவு அகன்ற பரப்பிலிருந்து வருகின்றதோ, அவ்வளவுக்கு நிழலின் விளிம்பு மெல்லியதாகின்றது. உள்ளங்கையளவான விளக்கின் முன் வேட்டி ஒன்றை இரண்டு முழ இடைவெளி விட்டுப் பிடித்தால், முகத்தின் பார்வையில் விளக்கு வேட்டியளவு பெரிதாகிவிடுகின்றது. வேட்டியை முகத்துக்கு அண்மையில் கொணர்ந்தால் இன்னும் பெரிது. வெள்ளைச் சுவரும் இவ்வேலையைச் செய்யும். பச்சைச் சுவர் செய்யாது, முகத்தையும் பச்சையாக்கிவிடும்.

இதில் நம்மவர்க்குச் சிறப்பாக ஒரு பயன் உண்டு. கடலிலும் வெயிலிலும் உழைத்த கருந்தோலின் அழகு, அதன்மேற் படரும் மினுமினுப்பிலே இருக்கின்றது. நேரே பாய்ந்த சிறு விளக்கு அம்மினுமினுப்பை நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டாக்கிவிடும். பக்கத்திலிருந்து வரும் அகன்ற ஒளியோ எலும்பின் வடிவத்தைத் தொடர்ந்து நீண்டு கிடக்கும் மெல்லிய ஒளிக்கோடாக்கும். படப்பிடிப்பு நிலையங்கள் பலவற்றில் முகத்தை வெளுப்பாக்கித் தருவதையே வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதையென்று கருதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அஃது எனக்கு உடன்பாடன்று. பேத்திக்குக் காட்டும் படத்திலே பாட்டி பாட்டியின் நிறத்தோடேயே இருத்தல் வேண்டும். கருந்தோலும் வெள்ளைச் சேலையும் ஒருங்கே வரும்போது, சேலையின் மடிப்பு மறையாத அளவுக்கு ஒளியைக் குறைத்து, விளக்கை முகத்தின் பக்கமாகச் சிறிது திருப்பிவிடுங்கள். சேலைக்கு விளிம்பொளியே போதும்.

இனிக் கணக்கு. கணக்கென்றதும் வானொலிப் பெட்டியைத் திருகிவிட வேண்டா, சிறிய கணக்குத்தான். விளக்கை இருமடங்கு தூரத்துக்குக் கொண்டு சென்றால் முகத்தில் விழும் ஒளி பாதியாகாது, காற்பங்காகும். இதைத் தீமையாகவும் கொள்ளலாம், கருவியாகவும் கொள்ளலாம். விளக்கிலிருந்து 1 மீற்றரில் ஒருவரும் 2 மீற்றரில் ஒருவரும் நின்றால் முன்னவருக்குக் கிடைக்கும் ஒளி பின்னவருக்குக் கிடைப்பதைப் போல நான்கு மடங்கு. அதே இருவரை விளக்கிலிருந்து 4, 5 மீற்றரில் நிறுத்தினால் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கே. ஆதலின் குடும்பத்தார் இருபது பேரைப் படம் பிடிக்கும்போது விளக்கைத் தள்ளி வையுங்கள்; தனியொரு முகத்துக்கு அண்மையில் வையுங்கள்.

விளக்கின் கைநூலில் வழிகாட்டி எண் என்று ஒன்று குறித்திருப்பர். அதைத் தூரத்தால் வகுத்தால் வில்லையின் துவார எண் கிடைக்கும். வழிகாட்டி எண் 32, தூரம் 2 மீற்றர் எனில் துவாரம் எஃப் 16. உச்சி வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 இல், எஃப் 16 உம் நொடியில் 125 இல் ஒரு பங்கு ஷட்டரும் வைத்தால் வெயிலுக்குரிய அளவு சரியாக வரும் என்பது படம் பிடிப்போரின் பழைய வாய்ப்பாடு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: சூரியனை முதுகுக்குப் பின் வைத்து நிற்கும் ஒரு மீனவரின் முகத்தை, 2 மீற்றரில் துணியின்றி வைத்த சிறு விளக்கொன்று வெயிலுக்கு நிகராக ஒளியூட்ட வல்லது. துணியைப் போட்டால் நண்பகலில் வலிமை போதாது. மென்மை வேண்டின் மாலை வரை பொறுத்திருங்கள்.

மாலையிலேதான் இம்முறையின் உயிர்நிலை விளங்கும். மின்னலின் ஒளி நொடியின் மிகச் சிறு பங்களவு நேரமே நிற்பது. ஷட்டர் அதைவிட நெடுநேரம் திறந்திருக்கின்றது. எனவே ஷட்டரை நீட்டினாலும் குறைத்தாலும் முகத்தின்மேல் விழுந்த மின்னல் மாறாது. வானமும் கடலும் மட்டுமே மாறும். ஒரே படத்துள் ஆளுக்கொரு கைப்பிடி, இடத்துக்கொரு கைப்பிடி என்று இரண்டு நம் கையில் உள்ளன. சூரியன் இறங்கிய சிறிது நேரத்தில், எஃப் 5.6, ஷட்டர் 60 இல் ஒரு பங்கு என்று தொடங்கி, விளக்கின்றி ஒரு படம் எடுங்கள். வானமும் தோணிகளும் உங்கள் மனத்துக்கு இசைந்தபடி வரும்வரை ஷட்டரை மாற்றுங்கள். ஆள் கருமையாகவே இருப்பார், இருக்கட்டும். பின்னர், முன் சொன்ன விளக்கைக் காற்பங்கு வலிமைக்குக் குறைத்து, வெள்ளைக் குடையினூடாக, முகத்திலிருந்து ஏறக்குறைய 1.4 மீற்றரில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கமாக வைத்து மின்னச் செய்யுங்கள். இருளிலிருந்து ஆள் எழுந்து வருவார். பின்னாலுள்ள கடல் முன்போலவே இருக்கும். இவை தொடக்கக் கணக்குகளே. குடைக்குக் குடை வேறுபடும். ஷட்டரை மட்டும் 200 இல் ஒரு பங்குக்கு மேல் விரைவாக்க வேண்டா. பெரும்பாலான கமராக்களில் அவ்வெல்லைக்கு அப்பாற் சென்றால் படத்தின் ஒரு பகுதி கருத்துவிடும்.

குடிசையினுள்ளும் இதே முறைதான், ஆயின் நிறத்தை நோக்குதல் வேண்டும். மஞ்சள் ஒளிதரும் குமிழ் எரியும் அறையிலே மின்னலின் வெள்ளொளி சேர்ந்தால் முகம் நீலம் பாரித்தது போலவும் சுவர் செம்மை பாரித்தது போலவும் தோன்றும். விளக்கின் வாயிலே செம்மஞ்சட் கண்ணாடித்தாள் ஒன்றை ஒட்டி, கமராவையும் குமிழொளிக்குரிய நிலைக்கு மாற்றினால் இரண்டும் இசையும். சாமர்த்தியமுள்ளோர் இனிப்பு சுற்றிய தாளையே கொள்கின்றனர்.

கமரா இல்லாதோர், கைப்பேசி மட்டும் உள்ளோர், மனம் தளர வேண்டா. கைப்பேசியோடு மின்னல் விளக்கு எளிதில் இணங்காது என்பது மெய். ஆயினும் வீட்டிலுள்ள மின்னேற்றும் எல்.ஈ.டி. விளக்கையோ மற்றொருவரின் கைப்பேசி விளக்கையோ வேட்டிக்குப் பின்னாற் பக்கமாகப் பிடிக்கலாம். ஒளி வலிமை குறைந்ததே. ஆகவே அந்திக்குப் பின்னரே பயன்படும். கைப்பேசியை அசையாமற் சுவரிற் சாய்த்து வைத்தல் வேண்டும். தேங்காய்க்கு உதவிய விதி முகத்துக்கும் உதவும்.

உப்புக் காற்றைப் பற்றி இரண்டு சொல். படப்பிடிப்பு முடிந்ததும் விளக்கை உலர்ந்த துணியால் துடைத்துப் பற்றரிகளைக் கழற்றி வைத்தல் வேண்டும். அவற்றை உள்ளே விட்டால் முனைகள் பச்சை பூத்துவிடும். மின்னேற்றி மீண்டும் மீண்டும் பாவிக்கும் பற்றரிகளுக்கு முதற்செலவு கூடுதல். நாளடைவில் அவையே மலிவு.

மின்னக் கூடாத இடங்களும் உண்டு. கடற்படைத் தளத்துக்கு அருகே அனுமதியின்றிப் படம் பிடிப்பதே வில்லங்கம். அந்தியிலே விளக்கை மின்னுவது அதனினும் வில்லங்கம். முட்டையிடக் கரையேறும் ஆமையின் கண்முன் மின்னினால் அது முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். பூசை வேளையிற் குருவானவரின் சொற்படி நடத்தல் வேண்டும். துக்க வீட்டில் வீட்டாரைக் கேளாமல் விளக்கை வெளியே எடுப்பதே தகாது. அங்கே சன்னலொளி போதும்.

எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே விட்டுவிடுவோர் பலர். இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, போரிலே வீட்டோடு படங்களையும் இழந்தவை. ஆதலின் ஒரு படத்துக்கு இரண்டு பிரதிகளாவது தாளில் அச்சிட்டு, ஒன்றை வேறூரில் வாழும் உறவினர் வீட்டில் வையுங்கள். பின்புறத்தில் ஆளின் பெயர், நின்ற இடம், கிணறாயின் எவருடைய கிணறு, ஆண்டு, மாதம் ஆகியவற்றை எழுதுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்திலே எழுதுதல் நன்று. பேனா மை நாளடைவில் ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும்.